துட்டி வீட்டுக்காக நிறுத்திய ஆலை

கண்டென்சர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கணக்குதான் கேட்கிறார்கள். குழாய் எத்தனை வேண்டும், கடல்தண்ணீருக்கு எந்த உலோகம் தாங்கும், உப்புப் படிந்தால் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம். இதையெல்லாம் உங்கள் மடியில் இருக்கும் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் ஓய்வு பெற்றவன். வீட்டில் தண்ணீர் மோட்டாரைக்கூட என்னைத் தொடவிடுவதில்லை. என்னிடம் கேட்பதாக இருந்தால், ஓடுகிற ஆலையை எப்போது நிறுத்துவது, எப்போது நிறுத்தக் கூடாது என்று கேளுங்கள். இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் குறைவு. நிறுத்தியவனை உலகத்தில் யாரும் குறை சொன்னதில்லை. அதனால் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் எல்லோருக்கும் கை முதலில் நிறுத்துகிற பொத்தானுக்குத்தான் போகிறது.

முன்னெச்சரிக்கையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். உயிரைக் கொல்லும் கேஸ் கசிந்தால் நிறுத்திவிட்டு ஓடுங்கள். கிழவன் சொன்னான் என்று நின்றுகொண்டிருக்காதீர்கள். நான் சொல்லப்போவது நாற்றத்தைப் பற்றி. அது ஆளைக் கொல்லாது. வேறு என்ன செய்யும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி ஒரு மீன்தூள் ஆலை. பெயர் வேண்டாம். சாப்பாட்டுக்கு ஆகாத மீனும், அளவுக்கு மிஞ்சி வந்து இறங்கும் சாளை மீனும் அங்கே போகும். வேகவைத்து, பிழிந்து, காயவைத்து, தூளாக்கிக் கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைக்கும் அனுப்புவார்கள். வேகும்போதும் காயும்போதும் கிளம்பும் ஆவி இருக்கிறதே, அதுதான் நம் பிழைப்பு. கண்டென்சரில், அதாவது கடல்தண்ணீர் ஓடுகிற குழாய்க்கட்டின் மேல், அந்த ஆவியை விட்டால் பெரும்பகுதி குளிர்ந்து தண்ணீராக இறங்கிவிடும். இறங்காமல் மிஞ்சும் நாற்றக் காற்றை ஒரு விசிறி இழுத்துக்கொண்டு போய் பாய்லர் நெருப்பில் தள்ளும். அங்கே எரிந்துபோகும். பச்சை மீனைக் கொட்டிவைத்திருக்கும் குழியிலிருந்து காற்றை இழுப்பதும் அதே விசிறிதான். மற்றதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆலைக்குக் கிழக்கே ஒரு மதில். மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு குடியிருப்பு, அதற்கு அப்பால் கடல். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் வாடை நேராக அவர்கள் சோற்றுத்தட்டில் போய் உட்காரும். நான் கண்டென்சரைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் போய்ச் சேர்ந்து ஒரு சீசன்கூட முடியவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்த அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. குழாய்க்குள் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசும் சிப்பிக்குஞ்சும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சுத்தம் செய்தாலும் அந்த ஒரு கண்டென்சர் முழு லோடுக்குப் பற்றாது. இறங்க வேண்டிய ஆவி இறங்காமல் விசிறியை மூச்சுத்திணறடித்து, கதவிடுக்கு, மூடியிடுக்கு எல்லாவற்றிலும் வெளியே வரும். லோடைக் குறையுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு கண்டென்சர் வையுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

“அடுத்த வருஷம் பாப்போம் சார்” என்றார்.

அவர் சேர்ந்த நாளிலிருந்தே அந்த அடுத்த வருஷம் வந்துகொண்டுதான் இருந்தது என்று ஷிப்ட் சூப்பர்வைசர் சுடலைமுத்து பிறகு சொன்னான். சுடலை ஆத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வெற்றிலைக் கொடிக்காலை விட்டு மீன் நாற்றத்துக்கு வந்தவன். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் தனக்குப் பக்கத்து இலை எப்போதும் காலியாகவே இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

மதிலை ஒட்டிய முதல் வீடு தொம்மை அண்ணாச்சியுடையது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக இருந்து ஓய்ந்தவர். என் போன் நம்பரை எப்படியோ வாங்கிவிட்டார். வாடை அடிக்கும்போதெல்லாம் போன் வரும்.

“ஏலே என்ஜினியரு, ஒன் ஆலை எங்க வீட்டுக்குள்ள வந்து கால நீட்டிப் படுத்துக் கெடக்கு. வந்து கூட்டிட்டுப் போ.”

அவர் புகார் செய்யாத அலுவலகம் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஆலை தரப்பில் ஒரே பதில்தான்: அது கடற்கரையில் காயப்போட்டிருக்கும் கருவாட்டு வாடை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பிறந்ததிலிருந்து கருவாட்டோடு வாழ்ந்த மனிதரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. “பாக்குறேன் அண்ணாச்சி” என்று மட்டும் சொல்வேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன வாரம். சாளை மலைமலையாக வந்து இறங்கியது. குழி நிரம்பி வழிந்தது. அந்த வாரத்தில்தான் தொம்மை அண்ணாச்சி காலையில் காப்பியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன், ஜெரால்டு. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கப்பல் எங்கோ கீழைக்கடலில் இருந்தது. துறைமுகம் வந்து, விமானம் பிடித்து, அவன் வீடு சேர மூன்றாம் நாள் ஆகும் என்றார்கள். கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது புதிதில்லை. குளிர்பெட்டி வாடகைக்கு வரும். பிள்ளை வந்து முகம் பார்க்கும்வரை தகப்பன் அதில் காத்திருப்பார்.

ஆலையிலும் ஒரு வழக்கம் இருந்தது. குடியிருப்பில் சாவு விழுந்தால் பாய்லரை அணைத்துவிட்டு, அடக்கம் முடியும்வரை ஓட்டுவதில்லை. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நல்ல மனதோடு ஆரம்பித்திருப்பார்கள். மேனேஜரும் கெட்ட மனிதர் இல்லை. தினமும் தன்னோடு மல்லுக்கு நின்றவர் செத்தார் என்று தெரிந்ததும், சுடலை கேட்பதற்கு முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார். புகைபோக்கியில் புகை வரவில்லை என்றால் வாடையும் வராது என்பது குடியிருப்பின் நம்பிக்கை, ஆலையின் நம்பிக்கையும் அதுதான். எப்போதும் சாவு விழுந்த அன்றே அல்லது மறுநாள் காலையிலேயே அடக்கம் முடிந்துவிடும். அதனால் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

நான் அப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் எங்கள் கடல்தண்ணீர் பம்பு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மதியம்தான் வர முடிந்தது. ஆலைக்குள் போகாமல் நேரே அண்ணாச்சி வீட்டுக்குத் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்கப் போனேன்.

தெருவில் நுழையும்போதே மூக்கு சொல்லிவிட்டது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் தோள் துண்டை மூக்கின்மேல் வைத்திருந்தார்கள். துட்டி வீட்டில் அப்படிச் செய்வது மரியாதை இல்லை என்று தெரிந்து, முகம் துடைப்பதுபோல் வைத்திருந்தார்கள். உள்ளே பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகையில் பெட்டியே சரியாகத் தெரியவில்லை. குளிர்பெட்டிக்காரன் வந்து பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெட்டில ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. சத்தியமா நல்லா ஓடுது” என்று யாரிடமோ கெஞ்சாத குறையாகச் சொன்னான்.

அந்த யாரோ, செத்தவரின் தம்பி இன்னாசி. சங்கு குளித்துக் குளித்து ஒரு காது மந்தமானவர், அதனால் மெதுவாகப் பேச வராது.

“பெட்டி ஓடுது சரி. ஒடம்பு தாங்கலயேடே. வாரவன் போறவன்லாம் மூக்கப் பொத்துதான். இது எங்க அண்ணனுக்கு அசிங்கம். சாமியார்ட்ட சொல்லியாச்சு, இன்னைக்குச் சாயங்காலம் அடக்கம் பண்ணிருவோம். ஜெரால்டு போன்ல பாத்துக்கிடட்டும்.”

நான் மாலையை வைத்துவிட்டுக் கும்பிட்டேன். அண்ணாச்சியின் மனைவி சூசையம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, ஆலைய நிறுத்திட்டியளாமே. நல்லாருப்பிய” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அவரு இப்படி வாடை அடிக்கிற மனுசன் இல்ல தம்பி. தோணில இருந்து எறங்கி வந்தாக்கூட, கெணத்தடில குளிச்சிட்டுத்தான் நடை ஏறுவாரு. இப்ப இப்படிப் போறாரே.”

நான் பெட்டியின் மேல் குனிந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் சாம்பிராணியும் ரோஜாப்பூவும் தவிர எதுவும் இல்லை. நிமிர்ந்தேன். மேற்கு ஜன்னல் வழியாகக் காற்று ஒரு வீச்சு வீசியது, நாற்றம் வந்தது. காற்று நின்றது, நாற்றமும் நின்றது. இறந்த உடம்பின் வாடை கச்சான் காற்றைக் கேட்டுக்கொண்டு வருமா? வெளியே வந்து மதில் பக்கம் நடந்தேன். நடக்க நடக்க ஏறியது. அது அழுகின சாளை. எங்கள் குழியிலிருந்து வருகிறது.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். பாய்லரை அணைத்தார்கள், விசிறி நின்றது. விசிறி நின்றதும் குழியிலிருந்து காற்றை இழுக்க ஆளில்லை. கச்சான் காற்று குழியின் மேல் தவழ்ந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மதில் ஏறிக் குதித்தது. டிரையருக்குள் பாதி காய்ந்த மீன் வேறு புழுங்கிக்கொண்டிருந்தது. ஓடும்போது அடிக்கும் வாடையைவிட, மரியாதைக்காக நிறுத்திவைத்த ஆலையின் வாடை பல மடங்கு மோசம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

சுடலை குழியோரம் ஈ மொய்க்காமல் இருக்க பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. நான் சொன்னதும் பவுடர் டப்பாவைக் கீழே வைத்தான்.

“நாங்களும் அண்ணாச்சி ஒடம்புதான்னு நெனச்சோம் சார். குழிப் பக்கத்துலயே நின்னா நமக்கு மூக்கு மரத்துப்போவுதுல்லா” என்றான்.

மேனேஜரிடம் போனோம். நான் சொன்னதை அவர் உடனே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதுதான் சங்கடம்.

“சார், அங்கன பொணம் கெடக்கு. இப்பப் போயி பாய்லரப் பத்தவச்சா கல்லு வரும். அதுபோக, வாடை எங்களதுதான்னு நம்ம வாயாலயே சொல்லிட்டா, இத்தன வருஷம் கருவாடுன்னு சொன்னது என்னாகும்? நாளைக்கு அதிகாரிக வந்து நின்னா நான் என்ன பேச?” பிறகு, “அவங்களே இன்னைக்குச் சாயங்காலம் அடக்கம் பண்ணப் போறாங்களாம்லா. நாம ஏன் சார் நடுவுல போவணும்?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் வருகிறது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, கணக்குப்படி பார்த்தால். பேசாமல் இருந்தால் சாயங்காலம் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும், ஆலைக்கு ஒரு பாதகமும் இல்லை. மகன் வந்து தகப்பன் முகத்தைப் பார்க்க மாட்டான், அவ்வளவுதான். தன் தகப்பன் நாறிப்போனதால் காத்திருக்க முடியவில்லை என்று ஊர் சொல்வதை அவன் ஆயுசுக்கும் நம்புவான். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது.

“நீங்க வரவேண்டாம். நான் போய்ச் சொல்றேன்” என்றேன். சுடலை கேட்காமலே கூட வந்தான்.

சூசையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வழியில் யோசித்தேன். தனியாகச் சொன்னால் அவளுக்கு மட்டும்தான் தெரியும், பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அசிங்கம் நடந்தது பந்தலில். அதனால் நடுவாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். இன்னாசிக்கும் கேட்க வேண்டும் என்பதால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அக்கா, இந்த வாடை அண்ணாச்சிகிட்ட இருந்து வரல. எங்க ஆலைக் குழில இருந்து வருது. ஆலைய நிறுத்தினதாலதான் வருது. ஓடினாத்தான் வாடைய இழுத்து எரிக்க முடியும். நீங்க சரின்னு சொன்னா இப்பவே ஓட்டுதோம்.”

செபமாலை பாதியில் நின்றது. இன்னாசி எழுந்து வந்தார்.

“பொணம் கெடக்கையில ஆலைய ஓட்டப்போறேன்னு துட்டி வீட்டுல வந்து சொல்லுதியோ? எங்க அண்ணன் உயிரோட இருக்கையில கருவாட்டு வாடைன்னியளே, இப்ப மட்டும் எப்படி ஒங்க வாடை ஆச்சு?”

சுடலை என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான், அடி விழுந்தால் இழுத்துக்கொண்டு ஓட.

சூசையம்மாள் மெதுவாக எழுந்து வாசல்நிலையில் வந்து நின்றாள்.

“அப்ப இது அவரு இல்ல?”

“இல்லக்கா.”

“நெசமா?”

“மேக்க இருந்து காத்து அடிக்கும்போது மட்டும்தான் வருது. பெட்டிக்கிட்ட குனிஞ்சு பாருங்க, ஒண்ணும் இருக்காது.”

அவள் குனிந்து பார்க்கவில்லை. உள்ளே இருந்த பெண்கள் பக்கம் திரும்பி, “கேட்டியளா ஏளா? இது அவரு இல்லயாம்” என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னாள், இன்னும் சத்தமாக. பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். “மச்சான், சாமியாருக்கு ஆள் விடுங்க. எம்பிள்ள வந்த பொறவுதான் அடக்கம்.” என்னிடம், “ஓட்டுங்க தம்பி. சத்தம் கேட்டாக் கேட்டுட்டுப் போவுது” என்றாள்.

ஆலையை மறுபடி கிளப்புவதைப் பற்றி விரிவாகச் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றே ஒன்று. அவசரத்தில் கை முதலில் ஸ்டீம் வால்வுக்குப் போகும், சீக்கிரம் மீனைத் தின்று தீர்த்தால் சீக்கிரம் நாற்றம் தீரும் என்று. சுடலையின் கையும் அங்கேதான் போனது. தடுத்தேன். கண்டென்சரில் தண்ணீர் நன்றாக ஓட வேண்டும், பாய்லரில் நெருப்பு நிலைக்க வேண்டும், விசிறி இழுக்க வேண்டும். மீன் கடைசி. அதுவும் மூன்றில் ஒரு பங்கு லோடு, அதற்கு மேல் ஒரு கூடைகூடக் கிடையாது. அந்தக் கண்டென்சருக்குச் செரிக்கிற அளவு அதுதான்.

உங்களில் கெட்டிக்காரர் ஒருவர், மீனே போடாமல் நெருப்பையும் விசிறியையும் மட்டும் ஓட்டலாமே என்று கேட்பார். ஓட்டலாம். ஆனால் குழியில் கிடப்பது மணிக்கு மணி மோசமாகிக்கொண்டே போகும். லாரியில் அள்ளிக்கொண்டு போகலாம் என்று அன்றைக்கே ஒருவர் சொன்னார். அள்ளக் கிளறினால் தெருவே காலியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைத் தவிர வழியில்லை.

கிளப்பிய கொஞ்ச நேரத்தில் வாடை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. டிரையரில் புழுங்கிக் கிடந்தது சூடாகி ஒரேயடியாக ஆவியை விட்டது. மதிலின்மேல் தலைகள் தெரிந்தன. இன்னாசியின் குரல் அங்கிருந்தே கேட்டது. “ஏலே, கூடிட்டுடே! ஏமாத்துதானுவோ!”

“நிறுத்திருவோமா சார்?” என்றான் சுடலை. மேனேஜர் தன் அறை வாசலில் நின்று கையை ஆட்டினார், நிறுத்து என்று.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். வெளியே கூட்டம், மேனேஜர் கை ஆட்டுகிறார், உங்கள் ஆளே நிறுத்தலாமா என்கிறான். நிறுத்தினால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அப்போது பார்க்க வேண்டியது கண்டென்சரை மட்டும்தான். நான் கண்டென்சரிலிருந்து விசிறிக்குப் போகும் குழாயில் உள்ளங்கையை வைத்தேன். சூடு பொறுக்கிற அளவில் இருந்தது. ஆவி இறங்குகிறது, மிஞ்சிய காற்று மட்டும்தான் போகிறது என்று அர்த்தம். டிரையர் விட்டுக்கொண்டிருப்பது பழைய பாக்கி, அது தீரும். கை சுட்டிருந்தால் நானே நிறுத்தியிருப்பேன்.

“சுடலை, நீயும் தொட்டுப் பாரு” என்றேன். தொட்டான். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றான். குழாய் சூடேறவில்லை. மதிலின்மேல் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வெயில் தாழ்வதற்குள் தெருவில் வெறும் கச்சான் காற்றும் சாம்பிராணியும்தான் இருந்தன. பந்தலில் யார் முகத்திலும் துண்டு இல்லை.

உடனே மேனேஜர் வந்தார். “வாடைதான் போயிருச்சே சார். இனி லோட ஏத்துவோம். மீனு கெட்டுக்கிட்டு இருக்கு, தூளு ரெண்டாந்தரமாப் போயிரும்” என்றார். அடக்கம் முடியும்வரை ஏற்ற முடியாது என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வால்வு பக்கம் போகவில்லை.

மறுநாள் மதியம் ஜெரால்டு வந்தான். பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே போனான். பெட்டியைத் திறக்கச் சொல்லி, தகப்பன் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. குழாயில் கை வைத்துக்கொண்டு ஆலையில் இருந்தேன். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்வலம் போனபோது ஆலையின் இரைச்சல் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், சாவுக்குக்கூட நிறுத்த மாட்டானுகளா என்று முணுமுணுத்தார். “நாங்கதான் ஓட்டச் சொன்னோம்” என்றார் இன்னாசி. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவர்மேல் இருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். அந்த ஆலையில் இப்போது இரண்டு கண்டென்சர் இருக்கிறது. அடுத்த சீசனுக்கு இரண்டாவதை வாங்கினார்கள், என்னைக் கூப்பிடவில்லை. புதுக் கண்டென்சர், நான், இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்று நினைத்திருப்பார்கள். அது எங்கே ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாளே மேனேஜர் லோடை முழுக்க ஏற்றிவிட்டார். ஒரு வாரம் கழித்து, கப்பலுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஜெரால்டு ஆலைக்கு வந்தான். மேனேஜர் அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவன் எங்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னான். சுடலையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். டீயைக் குடித்து முடித்தான். எஞ்சின் அறைக்காரன் இல்லையா, பாய்லர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அன்னைக்கு மூணுல ஒரு பங்குதான் ஓட்டினியளோ?” என்று என்னிடம் கேட்டான்.

“ஆமா தம்பி.”

“இப்ப முழுசா ஓடுதோ?”

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரைப் பார்த்தார்.

“முழுசாத்தான் ஓடுது” என்றேன்.

அவன் கோபப்படவில்லை. சந்தேகம் கேட்கிறவன்போலத்தான் கேட்டான்.

“எங்கப்பா செத்துக் கெடந்தப்ப அவருமேல வாடை படாமப் பாத்துக்கிட்டிய. எங்கம்மா அந்த வீட்டுல உயிரோட இருக்கா அண்ணாச்சி. அவளும் செத்தாத்தான் கொறைப்பியளா?”

மேனேஜர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். கருவாடு என்று சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொல்லவில்லை. நான் சுடலையிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவன் அங்கே இல்லை. அதற்குள் ஸ்டீம் வால்வைக் குறைக்கப் போயிருந்தான்.